சீரகம் கடித்த செருப்பு

கதவைத் தட்டியவன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான்.

வெள்ளை வேட்டி. மடிப்புக் கலையாத நீலச் சட்டை. நெற்றியில் விபூதி. வலது காலில் புத்தம் புதிய தோல் செருப்பு. இடது கால் மட்டும் வெறுங்காலாக, சேற்றில் படாமல் தூக்கியபடி... வெளியே ஆனி மாதத்துச் சாரல் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் இமை மயிரில்கூட இரண்டு துளி ஒட்டியிருந்தது.

மேனகாவுக்குத் தூக்கம் முழுதாகக் கலையவில்லை. சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். இரவு டூட்டி முடித்து எட்டு மணிக்குத்தான் வந்து படுத்திருந்தாள். வைத்தியத்துக்கு வந்தவர் வழி தெரியாமல் வீட்டுக்கே வந்துவிட்டார் என்று நினைத்தாள்.

“கால்ல என்னங்க ஆச்சு?”

“காலுக்கு ஒண்ணும் இல்லீங்க” என்றான். “செருப்புக்குத்தான்.”

அவளுக்குப் புரியவில்லை. அவன் பார்வை அவளைத் தாண்டி உள்ளே போயிற்று. அவளும் திரும்பினாள்.

பின்கதவு ஒருக்களித்துத் திறந்து கிடந்தது. கட்டிலுக்கு அடியில் சீரகம். முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவில் செருப்பை அணைத்துக்கொண்டு, வாரைக் கடைவாயில் கொடுத்து, கண்ணை மூடி, கரும்பு தின்கிற சுகத்தில்...

சீரகத்துக்கு ஐந்து மாதம். சீரகத்தின் நிறம்தான் அதன் நிறமும். இரண்டு மாதங்களுக்கு முன் கீழே தன் ஊரிலிருந்து மலைக்கு ஸ்கூட்டியில் திரும்பும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில், மழையில் நடுங்கிக்கொண்டிருந்த நாய்க்குட்டியை மேனகா துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாள். வந்த நாளிலிருந்து அது கடித்தவை: போன் சார்ஜர், கால்மிதி, குடைக் கைப்பிடி, அடையாள அட்டையின் கயிறு, அவளுடைய வெள்ளை ஷூவில் ஒன்று, வீட்டுக்காரம்மாவின் கட்டில் கால் இரண்டு. அடுத்தவர் செருப்பைத் தூக்கி வந்தது இதுதான் முதல் தடவை.

வெட்கம் வந்தால் மேனகாவுக்குக் கூடவே கோபமும் வந்துவிடும். அது அவளுடைய பிறவிக் குணம். செருப்பைக் கண்ட இடத்தில் கழற்றிப் போட்டால் நாய் தூக்காமல் என்ன செய்யும் என்று கேட்டாள்.

அவன் நிதானமாகச் சொன்னான். “பொண்ணு பார்க்க வந்த ஊட்டுக்குள்ள செருப்போட போக முடியுங்களா?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பக்கத்து வீட்டில் இன்று அம்சவேணியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவளுடைய அம்மா, மேனகாவின் வீட்டுக்காரம்மா பாவாயி, ஒரு வாரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியானால்... இவன்தான் மாப்பிள்ளை. எட்டிப் பார்த்தாள். பக்கத்து வாசலில் பத்துப் பதினைந்து பேர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் சீரகத்தின் மேல் பாய்ந்தாள். சீரகம் செருப்போடு எழுந்து ஓடியது. கட்டிலைச் சுற்றி ஒரு ஓட்டம், அடுப்பங்கரைக்கு ஒரு ஓட்டம், ஒற்றைக் காலில் நின்றவனின் வேட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் ஒரு ஓட்டம்.

“துரத்தாதீங்க” என்றான் அவன். “நீங்க வெளையாட வர்றீங்கன்னு நெனைக்குது. பிஸ்கட் இருக்குதுங்களா?”

கொடுத்தாள். அவன் வாசற்படியிலேயே குந்தி உட்கார்ந்தான். பிஸ்கட்டை உள்ளங்கையில் வைத்து நீட்டி, எங்கோ பார்த்தபடி சும்மா இருந்தான். சீரகம் யோசித்தது. ஓரடி வந்தது. நின்றது. பிறகு செருப்பைப் பொத்தென்று போட்டுவிட்டுப் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டது. செருப்பை எடுக்க அவளும் குனிந்தாள், அவனும் கை நீட்டினான். ஒரு சாண் தூரத்தில் அவன் கண்கள்... மலையில் மழை விட்டதும் பாறை மேல் ஒரு பளபளப்பு வருமே, அப்படி ஒரு கருமை. உதடு சிரிக்கவில்லை. கண் சிரித்தது.

வார் அறுந்து தொங்கியது. வேறு வழியில்லாமல் தன் குளியலறைச் செருப்பைக் கொண்டுவந்து வைத்தாள். ரப்பர் செருப்பு. ஊதா நிறம். மேலே ஒரு பிளாஸ்டிக் பூ. அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மாட்டிக்கொண்டான். குதிகால் இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, சாரலில் நடந்து போனான்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஓட்டில் விழுகிற மழைச் சத்தம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பாவாயி வந்தாள். வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். பையன் பேர் செல்லமுத்து. இதே மலையில் பைல் நாட்டுக்காரன். மிளகும் காப்பியும் பயிர் செய்கிறான், சொந்த வண்டி வைத்திருக்கிறான். எல்லாம் பொருந்தி வந்த சம்பந்தம். இப்போது மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குகிறார்களாம். ஜோடியாக வந்த செருப்பு ஒற்றையாகப் போனது சகுனத் தடையாம். ஆடி போகட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்களாம்.

“உன்னைக் கோவிச்சு என்ன பண்றது கண்ணு...” என்றாள் பாவாயி. “ஆனா ஒண்ணு. ஆடி முடியறதுக்குள்ள அந்த நாய் கடிக்கறதை நிறுத்தோணும். இல்லைன்னா நாய் இங்க இருக்கக் கூடாது.”

மேனகா இரவுச் சோற்றை அப்படியே மூடி வைத்தாள். யாருடைய கல்யாணத்தையோ தன் நாய் கலைத்துவிட்டது... சீரகம் ஒன்றுமறியாமல் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே சோளக்காட்டுச் சந்தையில் அவனைப் பார்த்தாள். வண்டியிலிருந்து பலாப்பழம் இறக்கிக்கொண்டிருந்தான். பழைய லுங்கி, தோளில் துண்டு. மாப்பிள்ளைக் கோலத்தைவிட இது அவனுக்கு நன்றாக இருந்தது. அந்த நினைப்பு தனக்கு எதற்கு வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

முதலில் மன்னிப்புக் கேட்டாள். சம்பந்தம் தள்ளிப்போனதற்குத் தன் நாய்தான் காரணம், அதைத் தானே பேசிச் சரி செய்வதாகச் சொன்னாள். செல்லமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தான். “பேசுங்க... இல்ல, வேண்டாமுங்க... இப்ப ஒண்ணும் அவசரமில்ல” என்று குழறினான். பாவம், மனசு உடைந்து போயிருக்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஆனால் நாயை வெளியே அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவள் சொன்னதும் அவன் முகம் மாறியது. கையிலிருந்த பலாப்பழத்தைக் கீழே வைத்தான்.

“நாயையா? அது என்னங்க பண்ணுச்சு?”

“எல்லாத்தையும் கடிக்குதுங்க. நானும் அடிச்சுப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். கடிச்சுக்கட்டும்னு என் பழைய செருப்பு ஒண்ணையும் குடுத்துப் பார்த்தேன்.”

“குடுத்தீங்களா... அதாங்க” என்றான். “பழசு எது, புதுசு எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? செருப்புன்னாலே நமக்குக் குடுத்ததுன்னு நெனச்சுக்கிச்சு.”

காட்டுப் பன்றிக்குக் காவலாக அவன் வீட்டில் எப்போதும் நாய்கள் உண்டு. ஐந்து மாதத்தில் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும், ஈறு அரிக்கும், எதையாவது கடிக்காவிட்டால் அதற்குத் தாங்காது என்றான். நாள் முழுக்கப் பூட்டிய வீட்டில் தனியாகக் கிடந்தால் கேட்கவே வேண்டாம். கடிக்கக் கூடாது என்று அதற்குச் சொல்ல முடியாது. எதைக் கடிக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து காட்டித் தருகிறேன் என்றான். சொன்ன பிறகு அவனே திடுக்கிட்டவன் போல மறுபடி பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

காப்பிச் செடிகளைக் கவாத்து செய்தபோது வெட்டிய கட்டைகள் நாலைந்தைப் பட்டை உரித்துக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தான். மற்ற மரம் சிம்பு சிம்பாகத் தெறித்து வாயைக் கிழித்துவிடும், காப்பிக் கட்டை நார் நாராகத்தான் தேயும் என்றான். பாடம் முழுக்க வாசலில்தான் நடந்தது, நாலு பேர் பார்க்க. சீரகம் எதையாவது வாயில் எடுத்தால் பிடுங்கக் கூடாது. கட்டையை நீட்டி, “விடு” என்று ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும். விட்டால் உடனே அவித்த முட்டையில் ஒரு துண்டு. வீட்டில் கடிபடக் கூடியதெல்லாம் தரையை விட்டு மேலே ஏற வேண்டும். மேலே ஏற்ற முடியாத கட்டில் காலுக்கு வேப்பெண்ணெய். டூட்டிக்குப் போகும் முன் ஏரிக்கரை வரை ஒரு நடை.

கட்டில் காலை முதல் தடவை நக்கிய சீரகம் ஏழு முறை தும்மியது. பிறகு மேனகாவை ஒரு பார்வை பார்த்ததே... நீயா இப்படிச் செய்தாய் என்று. அவள் சிரித்துவிட்டாள். அவளுக்கு இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். நிமிர்ந்தபோது செல்லமுத்து நாயைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறும் வந்தான். அதற்கடுத்த ஞாயிறும். துணியை முறுக்கி முடிச்சுப் போட்டு நனைத்து ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும் என்று ஒரு நாள் காட்டினான். ஒரு நாள் ஒன்றுமே காட்டவில்லை. ஒரு மணி நேரம் படியில் உட்கார்ந்து, ஊரில் அவள் அப்பாவுக்கு எத்தனை ஏக்கர் மரவள்ளி என்று விசாரித்துவிட்டுப் போனான்.

அவன் எதற்கு வருகிறான்?

இந்தக் கேள்விதான் மேனகாவுக்கு ஊசி போடும்போதும், மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும், சும்மா இருக்கும்போதும் வந்து வந்து நின்றது. நாய்க்காகவா? நாய்க்கு ஒரு ஞாயிறு போதுமே. அப்படியானால்... அதற்கு மேல் யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் வரும்போதெல்லாம் அவன் பக்கத்து வீட்டை ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்க்கிறான். அதை அவள் கவனித்தாள். பாவாயியும் கவனித்தாள். “நாய்க்காகவா வாறான்? எம் பொண்ணு மேல பிரியம் வெச்சுட்டுச் சுத்தறான்” என்று காதோடு சொல்லி மகிழ்ந்துபோனாள்.

மேனகாவுக்குள் ஏதோ ஒன்று மெதுவாகக் கீழே இறங்கி உட்கார்ந்தது. சரிதானே. பெண் பார்க்க வந்த பெண்ணைத்தானே பார்ப்பான். இதில் தனக்கு என்ன வந்தது?

நான்காவது வாரம் பாவாயி ஒரு சோதனை வைத்தாள். தன் தோல் செருப்பை மேனகாவின் வாசலில் விட்டுவிட்டு, காலையிலிருந்து மதியம் வரை தன் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தாள். சீரகம் செருப்பை முகர்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பெருமூச்சு விட்டது. பிறகு தன் காப்பிக் கட்டையைத் தூக்கிக்கொண்டு போய் மூலையில் படுத்துவிட்டது. நாய் இருக்கட்டும் என்று பாவாயி ஒப்புக்கொண்டாள்.

அவள் மனம் இளகியிருந்த அந்த நேரத்தில்தான் மேனகா பேசினாள். சகுனம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை, ஐந்து மாதக் குட்டிக்கு என்ன தெரியும், நல்ல பையன், பொறுமைசாலி, வாயில்லா ஜீவனிடமே இத்தனை பிரியமாக இருக்கிறவன் கட்டின பெண்ணை எப்படி வைத்துக்கொள்வான் என்றெல்லாம் எடுத்துச் சொன்னாள். செய்த தவறுக்குப் பரிகாரம் இது... ஆனால் பரிகாரம் இத்தனை வலிக்குமா? பாவாயி குளிர்ந்துபோனாள். ஆவணி பிறந்ததும் மறுபடி வரச் சொல்லு என்றாள்.

அடுத்த ஞாயிறு செல்லமுத்து படியில் உட்கார்ந்ததுமே மேனகா செய்தியைச் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒத்திகை பார்த்த சிரிப்பு அது.

சீரகம் அவன் விரலை நக்கியது. அவன் கவனிக்கவில்லை.

“நீங்களே போய்ப் பேசினீங்களா?”

“ஆமாங்க.”

“நான் போய் அந்தப் பொண்ணைக் கட்டிக்கோணும்... அப்படித்தானுங்களா?”

“அதுக்குத்தானே வாரா வாரம் வர்றீங்க?”

அவன் அவளைப் பார்த்தான். கோபமா, வருத்தமா, அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை. வண்டி கிளம்பிய சத்தம் வளைவு தாண்டும் வரை கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல செய்தி சொன்னால் ஒருவன் இப்படியா போவான்?

மறுநாள் அம்சவேணி வந்தாள். கண் சிவந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பொரிந்து தள்ளினாள்.

“உங்களை யாருக்கா பேசச் சொன்னது? நானும் அவரும் எப்படியோ ஒரு வழி பண்ணி வெச்சிருந்தோம். எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே...”

மேனகா திகைத்துப் போனாள். அம்சவேணி எல்லாவற்றையும் சொன்னாள். பெண் பார்க்க வந்த அன்று இரண்டு பேரையும் தனியாகப் பேச விட்டார்கள். பிடித்திருக்கிறதா என்று அவன் கேட்டான். எனக்கு நர்சிங் படிக்க ஆசை, விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அம்மாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது என்று இவள் அழுதுவிட்டாள். நீ கவலைப்படாதே, உனக்குக் கெட்ட பேர் வராமல் நானே ஏதாவது சொல்லி நிறுத்துகிறேன் என்றான். இடம் கிடைக்கும் வரை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தான். என்ன காரணம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தவனுக்குச் செருப்பைக் காணவில்லை. சகுனம் சரியில்லை என்று தன் மாமாவின் காதில் போட்டது அவனேதான்.

இப்போது அம்மா ஆவணியில் தேதி குறிக்கக் கிளம்பிவிட்டாள். இன்றுதான் நாமக்கல்லில் இடம் கிடைத்த கடிதமும் வந்திருக்கிறது. அம்சவேணி அதை ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள்.

மேனகா கடிதத்தைப் படித்தாள். தான் கெடுத்ததைத் தானே சரி செய்வது என்று அப்படியே எழுந்து பாவாயியிடம் போனாள். நேற்று வரை கல்யாணம் பண்ணு என்றாய், இன்று படிக்க வை என்கிறாய், உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று பாவாயி கத்தினாள். நியாயமான கேள்வி. மேனகா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். தன் அப்பா தன்னைப் படிக்க அனுப்பியபோது ஊரே சிரித்ததைச் சொன்னாள். மலையில் பிள்ளைத்தாய்ச்சிகள் எத்தனை பேர் நர்ஸ் இல்லாமல் வளைவு வளைவாகக் கீழே இறங்குகிறார்கள் என்று சொன்னாள். மூன்று நாள் பாவாயி அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் வந்து, ஹாஸ்டலில் சோறு நன்றாகப் போடுவார்களா என்று கேட்டாள்.

அந்த விஷயம் தெளிந்தது. மேனகாவின் மனம்தான் தெளியவில்லை.

ஒரு பக்கம் கோபம். நாயால்தான் சம்பந்தம் முறிந்தது என்று அவள் சோறு இறங்காமல் கிடந்தபோது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இன்னொரு பக்கம்... அவன் அம்சவேணிக்காக வரவில்லை. அப்படியானால் எதற்கு வந்தான்? நாயை வெளியே போகச் சொன்னதற்குத் தான் காரணமாகிவிட்டோம் என்ற குற்ற உணர்வா? வெறும் இரக்கமா? பக்கத்து வீட்டை ஓரக்கண்ணால் பார்த்தது குட்டு வெளிப்பட்டுவிடுமே என்ற பயத்திலா? கேள்விகள் சுற்றிச் சுற்றி வந்து ஒரே இடத்தில் நின்றன. அந்த இடத்தில் அவன் கண்கள் இருந்தன.

ஞாயிறு வந்தது. அவன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சீரகம் எழுந்து வாசலுக்கு ஓடியது. சீரகம் மட்டுமா ஓடியது...

மூன்றாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு மேனகா ஸ்கூட்டியை எடுத்தாள். சீரகம் தாவி முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஏறி நின்றுகொண்டது. இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வந்துவிட வேண்டும்... வழி நெடுக அதைத்தான் சொல்லிக்கொண்டு போனாள். சாரல் முகத்தில் அடித்தது. மூடுபனி ரோட்டைப் பத்தடிக்கு மேல் காட்டவில்லை. அவன் வீட்டை மூன்று இடத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தாள்.

தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி, மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தான். சீரகம் குரைத்துக்கொண்டே ஓடியது. அவன் கீழே பார்த்தான். இறங்கும்போது ஒரு படியைத் தவறவிட்டு, பிடித்துக்கொண்டு, ஈர இலையெல்லாம் தலையில் உதிர வந்து நின்றான்.

வழி நெடுகச் சொல்லி வைத்திருந்த நறுக்கென்ற வார்த்தைகளில் ஒன்றைக்கூடக் காணவில்லை.

“ஏனுங்க...” என்றாள். “என் நாயாலதான்னு நான் எத்தனை நாள் சோறு எறங்காம கெடந்தேன் தெரியுங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?”

“அந்தப் புள்ளைக்கு வாக்குக் குடுத்திருந்தேனுங்க” என்றான் அவன். “சொல்லாம இருந்தது தப்புத்தான். நாயை அனுப்பச் சொன்னாங்கன்னு கேட்டதும் எனக்கு நெஞ்சே ஆடிப்போச்சு. அதான் வந்தேன்.”

அதான் வந்தேன். அவ்வளவுதானா? நாய்க்காகத்தானா? மேனகாவுக்கு மூக்கு நுனி எரிந்தது.

“அப்புறம் எதுக்குக் கோவிச்சுட்டுப் போனீங்க?”

அவன் கையிலிருந்த கயிற்றை முடிந்தான், அவிழ்த்தான். “நீங்களே போய் எனக்குப் பொண்ணு கேட்டுட்டு வந்து சிரிச்சுட்டே சொல்றீங்க... நான் என்ன பண்றதுங்க? நான் மலைக்காரன். நீங்க கீழ நாட்டுல தோட்டம் தொரவுன்னு இருக்கறவங்க, படிச்சவங்க. வேண்டாம்னு நேராச் சொல்ல மனசு வராம, இப்படிச் சுத்தி வளைச்சுச் சொல்றீங்கன்னு நெனச்சேன்.”

“நான் அப்படி ஒரு நாளும் நெனைக்கலீங்க” என்றாள் அவசரமாக. “எங்கப்பாதான் லேசுல ஒத்துக்க மாட்டாரு. ஆனா நான் பேசினா...”

நிறுத்தினாள்.

அவனும் கயிற்றை முடிவதை நிறுத்தினான்.

“எதுக்குங்க ஒத்துக்கோணும்?” என்று கேட்டான். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான். பிறகு மெல்ல மெல்லப் புரியத் தொடங்கி, அதை நம்பலாமா கூடாதா என்று அவன் முகம் தடுமாறிற்று.

மேனகாவின் காது மடல் வரை சூடேறியது. அவன் கேட்கவே இல்லையே... கேட்காத கேள்விக்கு இவள் பதில் சொல்லிவிட்டாளே. ஒண்ணுமில்லீங்க என்று முணுமுணுத்து, விறுவிறுவென்று வண்டியை நோக்கி நடந்தாள். ஏறி உட்கார்ந்தாள். சீரகமும் ஏறிக்கொண்டது. அவன் பின்னாலேயே வந்து, நாலடி தள்ளி, மழையில் நனைந்துகொண்டு நின்றான்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை... வரட்டுங்களா?” என்றான்.

அவள் ஹாண்டில்பாரைப் பார்த்தபடியே சொன்னாள். “சீரகம் இப்ப எதையும் கடிக்கறதில்லீங்க. அதுக்காக நீங்க வர வேண்டாம்.”

அவன் முகம் விழுந்தது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“எனக்காக வாங்க.”

சொன்ன கையோடு பறந்துவிட வேண்டும் என்றுதான் பட்டனை அழுத்தினாள். வண்டி கிர்ர்ர் என்றது. கிளம்பவில்லை. மறுபடி அழுத்தினாள். கிர்ர்ர்... மழையில் நனைந்த வண்டி அசையவே இல்லை. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு, ஓடவும் முடியாமல், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் உட்கார்ந்திருந்தாள். சீரகம் நிமிர்ந்து அவளைப் பார்த்தது.

செல்லமுத்து பக்கத்தில் வந்தான். இறங்குங்க என்று கண்ணால் சொன்னான். அவள் இறங்கினாள். வண்டியை நிமிர்த்தி வைத்து உதைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது உதையில் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. ஹாண்டிலை அவள் கையில் கொடுக்கும்போது அவன் ஏதோ சொன்னான். உதடு அசைந்தது தெரிந்தது. வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது போய்விடலாம். வண்டி தயாராக இருந்தது.

மேனகா கை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் அடங்கியது. காப்பி இலைகளில் சாரல் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

“என்னங்க சொன்னீங்க?”

அவன் கண் சிரித்தது. இந்த முறை உதடும்.

“அன்னிக்குக் கதவைத் தட்டினது மட்டும்தானுங்க செருப்புக்காக” என்றான். “மத்தபடி நான் வந்தது எல்லாம் உங்களுக்காகத்தானுங்க, மேனகா.”